ஜுனைதா உப்பிட்ட தலை

பள்ளிவாசல்துறையில் கருவாடு போடுகிற பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜுனைதாவின் கருவாட்டில் புழு வைத்தது என்று சொல்ல ஒரு நாக்கு இன்னும் பிறக்கவில்லை. மழைக்காலத்தில் மற்றவர்களின் கட்டா மீனும் பாரை மீனும் பிசுபிசுத்துப் போகும்போது அவளுடையது மட்டும் பலகைபோல இறுகிக் கிடக்கும். பெரிய மீனென்றால் தலையை இரண்டாகப் பிளந்து, எலும்பின் இடுக்குகளிலெல்லாம் விரலை விட்டு உப்பை ஏற்றுவாள். வெளியில் பூசுகிற உப்பு ஊருக்குக் காட்டுகிற உப்பு, உள்ளே போகிற உப்புத்தான் மீனைக் காக்கும் என்பது அவளுடைய கட்சி.

மன்னார்த் தீவில் பிறந்தவள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம் சனத்தை ஊரோடு துரத்திவிட்டபோது வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை ஸஹ்னா, கக்கத்தில் ஒரு பாய், அவ்வளவுதான் சீதனம். முகாமில் ஓலைக்கொட்டிலில் இருந்துகொண்டே கரையோரத்தில் அடுத்தவர் கருவாடு போடுகிற கொட்டகைக்கு, வாடிக்கு, மீன் வெட்டப் போனாள். பிறகு தனக்கென்று ஒரு வாடி, இரண்டு உப்புத்தொட்டி, மூங்கில் பரண்கள் என்று காலூன்றினாள். யுத்தம் முடிந்ததும் கணவர் ரஸாக், பழைய காணியில் வளர்ந்திருக்கும் காட்டை வெட்டிவிட்டு வருகிறேன் என்று மன்னாருக்குப் போனார். போனவர் காட்டோடு காடாக அங்கேயே இருந்துவிட்டு, பெருநாளைக்குப் பெருநாள் முகம் காட்டினார். அவரைக் குறை சொன்னால் ஜுனைதாவுக்குப் பிடிக்காது. குறை சொல்லும் உரிமையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இன்னொரு குணமும் இருந்தது. மீன் வியாபாரத்தில் வல்லாஹி என்று சத்தியம் பண்ணாமல் ஒரு பேரம் முடியாது. காலையில் கரைக்கு வந்து நின்றால் அல்லாஹ்வின் பேரால் எத்தனை பொய் ஆணைகள் காற்றில் பறக்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஜுனைதா ஒருநாளும் சத்தியம் பண்ணியதில்லை. "நான் சொல்லுறன், அது காணாதா?" என்பாள். சிலாபத்து முதலாளிமாருக்கும் அது போதும். அவளுடைய சாக்கை மட்டும் அவிழ்த்துப் பார்க்காமலே லொறியில் ஏற்றிவிடுவார்கள்.

கிடுகு வேலிக்கு அந்தப்பக்கம் றோசாவின் வாடி. றோசா கத்தோலிக்கப் பெண், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஜுனைதாவின் வயதுதான். அவளிடம் கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தது. காகம் ஒன்று பரணில் இறங்கிவிட்டால் கறுப்பனுக்கு மானம் போய்விடும். கல்பிட்டிப் பக்கத்துக் கழுதைகள் கூட்டமாக வந்தாலும் தனியாளாக நின்று விரட்டும். அது காவல் காத்தது றோசாவின் வாடியை மட்டுமல்ல, வேலி தாண்டி ஜுனைதாவின் வாடியையும்தான். நாய் அசுத்தம் என்கிற பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் இதை வைத்து ஜுனைதாவைச் சீண்டுவார்கள். அவள் நாயைத் தொட்டதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலியோரத்தில் ஒரு கல்லின்மேல் மீன்தலை வைக்கப்பட்டிருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஸஹ்னாவுக்குக் கலியாணமாகி, மாப்பிள்ளை முபாறக் கட்டாரில் இருந்தான். அவள் உம்மாவோடுதான் இருந்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தன. முதலாவது, கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்த இரண்டாம் நாள் போனது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர்மார் சொல்லிப் பார்த்தார்கள். ஸஹ்னாவின் மனதில் விழுந்தது விழுந்ததுதான். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். குனிந்து ஒரு செருப்பை எடுக்கவும் பயந்து நடந்தாள்.

புத்தரின் பண்டிகையான வெசாக்குக்கு முதல்நாள் மத்தியானம் கறுப்பன் வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து இந்தப்பக்கம் வந்தது. வருகிற நாயல்ல அது, தன் எல்லை தெரிந்த நாய். பின்கால்கள் இழுபட்டன, வாயோரம் எச்சில் வடிந்தது. பரணருகே நின்ற ஸஹ்னா அதற்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து இரண்டடி முன்னே வைத்தாள். அது குரைக்கவுமில்லை, உறுமவுமில்லை. அவளுடைய கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தள்ளாடிக்கொண்டு போய்விட்டது.

ஜுனைதா ஓடிவந்து மகளைக் கிணற்றடியில் இருத்தினாள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணால் என்பது மார்க்கம். அவள் அதையே செய்தாள். வாளி வாளியாக இறைத்து ஊற்றிச் சவர்க்காரமும் போட்டாள். பிறகு ஆஸ்பத்திரியில், தண்ணீரும் சவர்க்காரமும் மிக நல்ல காரியம், மண்ணை மட்டும் காயத்தில் போட்டிருக்க வேண்டாம் என்றார்கள். நாய்க்கு விசர், வெறிநோய், இருக்கலாம், ஊசியை இன்றே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இந்த ஊசி ஆபத்தில்லை என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

ஸஹ்னா கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விட்டாள்.

வாசலில் தாயும் மகளும் மல்லுக்கு நின்றதை அன்று மருந்தெடுக்க வந்த அரைவாசிச் சனம் பார்த்தது. ஜுனைதா அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். மகள் அசையவில்லை. நாய் நஞ்சுள்ள பேத்தை மீனைத் தின்றிருக்கும், கரையில் வலைகாரர் வீசுகிற பேத்தையைத் தின்று எத்தனை நாய் இப்படித் தள்ளாடிச் செத்திருக்கிறது என்று கேட்டாள். அதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் வில்லங்கம்.

"நாய்க்கு விசர்தான் எண்டு காட்டுங்க, நான் போடுறன் உம்மா. இருக்கலாம், இருக்காம விடலாம் எண்டதுக்கெல்லாம் என்ட பிள்ளைய நான் குடுக்க மாட்டன்."

பிள்ளையை இழந்தவளின் பேச்சு அது. அதற்கு மேல் டொக்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விசர்நாய்க்கடி நோய் ஒருமுறை வெளியில் தெரிந்துவிட்டால் பிறகு உலகத்தில் மருந்தே இல்லை என்பதை மட்டும் ஜுனைதாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நாய் செத்துவிட்டால் அதன் தலையைக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், அங்கே பார்த்துச் சொல்வார்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் கறுப்பன் றோசாவின் வள்ளத்துக்குக் கீழே செத்துக் கிடந்தது.

றோசா அழுதுகொண்டிருந்தாள். தலையைக் கேட்க ஜுனைதாவுக்கு வாய் கூசியது. ஆனால் வேறு வழியில்லை. றோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸஹ்னா எனக்கும் பிள்ளைதான், கொண்டுபோ என்றாள். கறுப்பனுக்கு விசரில்லை என்று அங்கேயே தெரியட்டும், வந்து முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். றோசாவின் கொழுந்தன் கத்தி எடுத்தான்.

சுகாதாரப் பரிசோதகரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். வெசாக் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த அந்த மனிதர், ஆய்வுகூடம் நாளை மறுநாள்தான் திறக்கும், அதுவரை தலையைப் பழுதாகாமல் வைத்திருந்து கொண்டுபோங்கள் என்றார். ஐஸில் வைக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மீன் பிடிக்கிற ஊரில் அதையும் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். ஆனால் வெசாக்குக்கு ஐஸ் கொம்பனி பூட்டு, லொறியும் இல்லை. அதெல்லாம் திறந்திருந்தாலும் ஜுனைதா ஐஸைத் தேடிப் போயிருப்பாளா என்பது சந்தேகம். ஐஸ் என்பது விற்கும்வரை மீனை ஏமாற்றி வைக்கிற சாமான் என்று அவள் நினைப்பவள். பழுதாகாமல் வை என்று இருபத்துமூன்று வருஷமாகக் கருவாடு போடுகிறவளிடம் சொன்னால் அவள் கை எங்கே போகும்?

இரண்டு கைகளிலும் சொப்பிங் பைகளைக் கட்டிக்கொண்டாள். தலையைப் பலகையில் வைத்து, வெட்டுமுன் வழக்கமாகச் சொல்கிற பிஸ்மியைச் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாகப் பிளந்தாள். பெரிய பாரைக்குச் செய்கிறதைப் போலவே எல்லா இடுக்குகளிலும் உப்பை ஏற்றினாள். மூளை இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதுதான் முதலில் அழுகும் என்று அவளுக்குத் தெரியும். அதன்பிறகு பலகையை எரித்து, ஏழு தரம் குளித்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எதையும் உப்பிட்டதில்லை என்று பிறகு சொல்வாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆய்வுகூடம் திறக்கிற நாள் விடியுமுன்னே, மூடி இறுக்கிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்பு போனாள். பக்கத்தில் இருந்த பெண் கருவாடா என்று கேட்டதற்கு ஓம் என்றாள்.

ஆய்வுகூடத்து டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. ஜுனைதாவின் சிங்களம் மீன் விலை பேசப் போதும், அதற்கு மேல் நீந்தாது. அதனால் அங்கே வேலை செய்கிற பதுர்தீன் என்ற கல்முனைக்காரரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் வாளியைத் திறந்தார். உள்ளே பார்த்துவிட்டு மெல்ல மூடினார். பதுர்தீனிடம் இரண்டு வசனம் சொன்னார். அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"தாத்தா, இத ஆரு இப்பிடிச் செஞ்ச?" என்று அக்காவைக் கூப்பிடுகிற முறையில் கேட்டார்.

நான்தான் என்றாள் ஜுனைதா. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டு நாளாகியும் துளி நாற்றம் இல்லையே.

பதுர்தீன் அவளை வாங்குப் பலகையில் இருத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்து, தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். இந்த நோயின் வைரஸ் மூளைக்குள் போனால் மூளையை உடைப்பதில்லை, அழுகவைப்பதுமில்லை. விசர் பிடித்துச் செத்த நாயின் மூளையை வெறுங்கண்ணால் பார்த்தால் நல்ல மூளை மாதிரியே இருக்கும். மாற்றமெல்லாம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கலத்துக்குள்ளும், புரதங்களில்தான் நடக்கிறது. கலம், அதாவது செல், என்பது ஒரு சின்ன அடுப்படி. தனக்கு வேண்டிய புரதங்களை அதுவே செய்துகொள்ளும். வைரஸ் உள்ளே நுழைந்து, அந்த அடுப்பிலேயே தன்னுடைய புரதங்களைச் சமைக்கவைக்கிறது. அவை கலத்துக்குள்ளே மணிமணியாகத் திரளுகின்றன.

ஏன் அந்தக் கலம் சும்மா இருக்கிறது என்று ஜுனைதா கேட்டாள். அவளுக்கு அதுதான் விளங்கவில்லை.

சும்மா இருப்பதில்லையாம். வேறு வைரஸ்கள் வந்தால் கலம் அபாயக் குரல் கொடுக்கும். அதற்கென்றே சில புரதங்களைச் செய்து வெளியில் விடும், அக்கம்பக்கத்துக் கலங்கள் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த வைரஸோ தன் புரதம் ஒன்றினால் அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. உடம்புக்குச் செய்தி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் நோய் தெரியுமுன் ஊசி போட வேண்டும், தெரிந்த பிறகு போட்டுப் பயனில்லை.

சோதிக்கிற விதத்தையும் சொன்னார். அந்த வைரஸின் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஒரு மருந்து இருக்கிறது. அதில் சாயம் பூட்டி மூளைத் துணுக்கில் விட்டு, விளக்கின் கீழ் பார்த்தால், புரதம் இருக்கிற இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். ஆனால் புரதம் தன் உருவத்தில் இருக்க வேண்டும். நூலை மடித்து மடித்துச் சுருட்டினதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பைப் பார்த்துத்தான் மருந்து ஆளை அடையாளம் பிடிக்கும்.

"உப்புப் போட்டா மீன்ட சதை ஏன் இறுகுது, உங்களுக்குத் தெரியும்தானே தாத்தா?"

தெரியும். உப்பு தண்ணீரை உறிஞ்சிவிடும், சதை சுருங்கிக் கெட்டியாகும், பிறகு எத்தனை முறை ஊறவைத்தாலும் பழைய பச்சை மீன் திரும்பி வராது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

உப்பேறின இந்த மூளையிலும் அப்படித்தான் மடிப்புக் கெட்டிருக்கும், ஒன்றையும் நம்பிப் பார்க்க முடியாது என்றார் பதுர்தீன். வேறு வழியில் முயன்று பார்க்கலாம், ஆனால் இல்லை என்று வந்தால் அந்த இல்லையை நம்பி யாரும் ஊசியை விட முடியாது. இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மகளுக்கு உடனே ஊசியைத் தொடங்கச் சொல்லுங்கள் என்றார். அவளுடைய கைகளைப் பார்த்தார். உப்பில் வெடித்து வெடித்துப் போன விரல்கள். நீங்களும் போட வேண்டும் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜுனைதாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் கைகள்மேல் ஆத்திரம். கெட்டிக்காரி என்று ஊர் சொன்ன கைகள். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், வெளியில் மட்டும் உப்பைத் தூவிவிட்டு விட்டிருந்தால், மூளை ஒருவேளை தப்பியிருக்கும். மகளிடம் என்ன சொல்வது? இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றால், அப்படியானால் கண்டுபிடிக்கவில்லைதானே என்று அவள் பிடித்துக்கொள்வாள். அவளுடைய வாயை அடைக்க ஒரு சொல்தான் இருந்தது. பாலாவிச் சந்தியில் இறங்கிக் கல்பிட்டி பஸ்ஸுக்கு நின்றபோது அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஸஹ்னா வாசற்படலையிலேயே நின்றிருந்தாள்.

"இருக்குதாம் மகள்," என்றாள் ஜுனைதா. "பச்சையா ஒளிருது. நான் கண்ணால பாத்தன்."

மகள் தாயின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உம்மாவிடம் ஒருநாளும் கேட்காததை அன்று கேட்டாள். "வல்லாஹி சொல்லுங்க உம்மா."

ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

"வல்லாஹி."

கரையில் ஆயிரம் பேர் ஆயிரம் தரம் சொல்லிக் கசங்கிப்போன அந்தச் சொல் ஜுனைதாவின் வாயிலிருந்து வந்தபோது பாரமாக இருந்தது. ஸஹ்னா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று பின்நேரமே இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி ஏறும்போது மகள் தாயின் கையைப் பிடித்த பிடியில் விரல் வெடிப்புகள் எரிந்தன. அந்த எரிச்சல் ஜுனைதாவுக்கு வேண்டியிருந்தது.

முதலில் தன்னிடம் வந்து சொல்லச் சொன்ன றோசாவிடம் அவள் போகவில்லை. அடுத்தடுத்த நாளும் போகவில்லை. ஆனால் ஸஹ்னாவுக்கு மறைக்க ஒன்றுமில்லையே. அயலில் கேட்டவர்களிடமெல்லாம் உம்மா கண்ணால் கண்டாவாம், சத்தியம் பண்ணிச் சொன்னா என்று சொன்னாள். ஜுனைதாவே சத்தியம் பண்ணினாளா என்று சனம் மூக்கில் விரல் வைத்தது. பிறகு அதில் யாருக்குச் சந்தேகம் வரும்? விசர்நாய் படுத்து எழும்பின வாடியில் காய்ந்த கருவாடு என்று பேச்சுக் கிளம்பியது. லொறிகள் றோசாவின் வாடியைத் தாண்டிப் போயின. அவளுடைய சாக்குகள் கட்டினபடியே கிடந்தன. கருவாட்டில் அந்த நோய் பரவாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாதி மிஸ் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் றோசா வேலியைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தாள். அப்படி அவள் வந்ததே இல்லை. ஸஹ்னா பரணில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடைசி ஊசி இன்னும் பாக்கி.

"எனக்கு நீதான் வந்து சொல்லோணும் எண்டு கேட்டன் ஜுனைதா. ஊர் சொல்லித்தான் கேள்விப்பட்டன். இப்ப என்ட முகத்தப் பாத்துச் சொல்லு. கறுப்பனுக்கு விசரா?"

ஸஹ்னா நெத்தலியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஜுனைதா இரண்டு முகங்களையும் பார்த்தாள். றோசாவிடம் உண்மை சொன்னால் ஸஹ்னா கடைசி ஊசிக்கு வரமாட்டாள்.

"விசர்தான் றோசா."

றோசா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் ஜுனைதாவுக்கு இலேசாக இருந்திருக்கும். தினமும் கையை நக்கவிட்டு வளர்த்தவள், அன்றைக்கே போய்த் தானும் ஊசி போடத் தொடங்கினாள் என்று பிறகு தெரிந்தது. அதுவரை போடாமலே இருந்திருக்கிறாள், தன் நாயின்மேல் வைத்த நம்பிக்கையில்.

ஸஹ்னாவின் கடைசி ஊசியும் முடிந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தது. ஜுனைதா இரண்டு நாள் பொறுத்தாள். ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயம் போகட்டும் என்று தனக்குத்தானே சாட்டுச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு றோசாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு, பிளந்த தலை, பதுர்தீன், வல்லாஹி, எல்லாவற்றையும்.

றோசா கேட்டது ஒன்றுதான். "அப்ப கறுப்பன் என்னத்தால செத்தவன்?"

"தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியாது."

றோசா எழும்பி வள்ளத்தடிக்குப் போனாள். திரும்பி வந்து, உன் பிள்ளைக்காகப் பொய் சொன்னாய், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றாள். ஆனால் இதை முதலாளிமாரிடமும் வந்து சொல்ல வேண்டும் என்றாள். அதைக் கேட்க அவளுக்கு முழு உரிமை இருந்தது.

லொறி வருகிற சனிக்கிழமை ஜுனைதா கரையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். நாய்க்கு விசர் என்று யாரும் காணவில்லை, தலையைப் பழுதாக்கினது நான், சத்தியம் பண்ணினதும் நான் என்றாள். சனம் நெருங்கி வந்து கேட்டது. ஆனால் தெரியாது என்கிற சரக்குக்குச் சந்தையில் விலையில்லை. விசர் இல்லை என்று சொல்லுங்கள், எடுக்கிறோம் என்றார் ஒரு முதலாளி. அதை அவளால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் சிலாபத்து ஆள் ஒருவர் மட்டும் றோசாவின் சாக்குகளை எடுத்தார். எடுக்குமுன் அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார். அடுத்ததாக ஜுனைதாவின் சாக்கையும் அவிழ்த்தார். அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ஸஹ்னா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கரைப்பேச்சு ஜுனைதாவுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

"அல்லாஹ்வ வெச்சு என்ன ஏமாத்தினீங்க உம்மா."

ஜுனைதா வாய் திறக்கப் போனாள். நீ செத்திருப்பாய் என்று சொல்லலாமா? அதுவும் தெரியாதே. அவளிடம் இருந்த ஒரே நியாயமும் உப்பில் கிடந்து சுருங்கிவிட்டது. மகள் ஆலங்குடாவில் மாமியார் வீட்டுக்குப் போனாள். ஜுனைதா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. மௌலவியிடம் போய், தெரியாத விஷயத்தைத் தெரியும் என்று சத்தியம் பண்ணினால் என்ன பரிகாரம் என்று கேட்டாள். கண்ணால் கண்டேன் என்றதே பொய்தானே, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள், அல்லாஹ் மன்னிப்பவன் என்றார் அவர். அவள் கொடுத்தாள். அல்லாஹ்வின் மன்னிப்பைப்பற்றி அவளுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை.

மாதம் நிறைவதற்கு முன்பே ஸஹ்னாவுக்கு வலி கண்டு, புத்தளத்துக்குக் கொண்டுபோய், வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். செய்தி கேட்டு ஜுனைதா மீன் நாற்றத்தோடேயே பஸ் ஏறி ஓடினாள். பிள்ளையை வேறு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சின்னஞ்சிறு பெண்பிள்ளை. கையைக் காலை ஆட்டிக்கொண்டு, சிவந்துபோய், உயிரோடு கிடந்தது. ஜுனைதா கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசை தீரப் பார்த்தாள். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு வார்டுக்கு வந்து மகளின் கட்டிலருகே நின்றாள். சம்பந்தி தேநீர் வாங்கப் போயிருந்தாள்.

ஸஹ்னா மயக்கம் தெளிந்து கண் திறந்தாள். கையால் வயிற்றைத் தடவினாள். முகம் வெளிறியது.

"பிள்ள?"

"இருக்கு மகள். பொம்புளப் பிள்ள, நல்லா இருக்கு," என்றாள் ஜுனைதா. "இப்பத்தான் கண்ணால பாத்திட்டு வாறன்."

ஸஹ்னா தாயைப் பார்த்தாள். பார்வையை மெல்ல நகர்த்தி, அடுத்த கட்டிலில் சேலைன் பார்த்துக்கொண்டிருந்த தாதியைத் தேடினாள். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், என் பிள்ளை உயிரோடு இருக்கிறதா மிஸ் என்று கேட்டாள். தாதி சிரித்துக்கொண்டு, இருக்கிறாள், பெண்பிள்ளை, கவலைப்படாதே என்றாள்.

அப்போதுதான் ஸஹ்னாவுக்குக் கண்ணீர் பொங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஜுனைதாவும் கட்டிலின் கால்மாட்டில் நின்று அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மகளின் காலை மூடினாள்.